வீடு பார்க்க வருகிறவர் எழுதிப் போகும் சொற்கள்

அரசு வீடு கேட்டு விண்ணப்பித்த குடும்பத்தைப் பார்க்க அலுவலர்கள் வருகிறார்கள். வீட்டைச் சுற்றி வருகிறார்கள், கைப்பேசியில் இரண்டு படம் எடுக்கிறார்கள், படிவத்தில் நாலு சொல் எழுதுகிறார்கள், போய்விடுகிறார்கள். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அவர்கள் எழுதியது என்னவென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. பல மாதம் கழித்துப் பட்டியலில் பெயர் இல்லையே என்று கேட்டால், ‘தகுதியில்லை’ என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் படிவத்தில் எழுதப்பட்ட இன்னொரு சொல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாதவரை நம்மால் கேள்வி கேட்கவும் முடியாது, மேல்முறையீடு செய்யவும் முடியாது.

கொல்லிமலையில் உள்ள 14 ஊராட்சிகளும் நாடு என்றே பெயர் கொண்டவை. அவற்றில் அரியூர் நாடும் ஒன்று. இங்கே பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து வந்தால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிமெண்டும் கம்பியும் மேலே வர வேண்டும். ‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று சமவெளிக்காரர் சொன்ன பழமொழி மலையில் இரண்டு மடங்கு உண்மை. இப்படிப்பட்ட இடத்தில் ஆய்வுப் படிவத்தின் ஒரு சொல் தவறினால் அந்த நட்டத்தை ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சுமக்க நேரிடும். கீழே ஊர்ப்புறத்துச் சேரிகளிலும் நிலைமை இதுதான். ஆகவே வீட்டு ஆய்வில் புழங்கும் சொற்களை இந்த வாரம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கச்சாவும் பக்காவும்

முதல் ஆய்வு, வீடு கொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் ஆய்வு. இதில் வரும் முக்கியமான சொற்கள் ‘கச்சா’, ‘பக்கா’. இரண்டும் இந்தியிலிருந்து வந்தவை. கச்சா என்றால் பச்சையானது, வேகாதது. பக்கா என்றால் பழுத்தது, வெந்தது. மண், சுடாத கல், மூங்கில், ஓலை, புல் ஆகியவற்றால் ஆனது கச்சா. சுட்ட செங்கல், சிமெண்ட், கான்கிரீட்டால் ஆனது பக்கா. நம் ஊர்ப் படிவங்களில் ‘குடிசை வீடு’, ‘நிலையான வீடு’ என்றும் எழுதுவார்கள்.

மத்திய அரசின் ஊரக வீடு திட்டம், இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்துக்குப் பதிலாக 2016இல் வந்தது. அதன் பயனாளிகளைத் தேர்வு செய்ய 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்தார்கள். வீடே இல்லாதவர்களும், இரண்டு அறைக்கு மேற்படாத கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் கொண்ட வீட்டில் இருப்பவர்களும் தகுதியுடையோர் என்பது விதி. இந்த விதியில் ‘சுவரும் கூரையும்’ என்று வரும் இரண்டு ‘உம்’மையும் கவனிக்க வேண்டும். இரண்டுமே கச்சாவாக இருந்தால்தான் பெயர் சேரும்.

அந்தக் கணக்கெடுப்பில் புல், ஓலை, மூங்கில், பிளாஸ்டிக் தாள், கையால் செய்த நாட்டு ஓடு ஆகியவை கச்சாக் கூரை. எந்திரத்தில் செய்த சீமை ஓடு, தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆகியவை பக்காக் கூரை. மழைக்குத் தாங்காமல் புல்லைப் பிரித்துவிட்டுக் கடன் வாங்கித் தகரம் போட்ட குடும்பம், சுவர் இன்னும் மண்ணாகவே இருந்தாலும், ஏட்டில் பாதிப் பக்கா ஆகிவிடுகிறது. ஒழுகும் கூரையோடு இருந்திருந்தால் தகுதி கிடைத்திருக்கும். ஏழை தன் கைக்காசில் செய்துகொண்ட சிறு பாதுகாப்பே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. அதனால் ஆய்வாளர் வரும்போது சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, ஓடு நாட்டு ஓடா சீமை ஓடா என்று மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். ‘வீடு உள்ளது’ என்ற பொத்தாம்பொதுவான குறிப்பை ஏற்கக் கூடாது.

விடுபட்டவர்களுக்காக 2018இல் ‘ஆவாஸ் பிளஸ்’ என்ற கணக்கெடுப்பு தொடங்கியது. இதில் ‘விலக்குக் காரணி’ என்ற சொல் முக்கியம். ஒரு குடும்பத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும் காரணங்களின் வரிசை அது. முதலில் 13 காரணிகள் இருந்தன. இருசக்கர வண்டி, குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி மூன்றும் அவற்றில் அடக்கம். பேருந்து எப்போதாவது வரும் மலையூரில் தவணையில் வாங்கிய பழைய வண்டி வசதியின் அடையாளமாக எண்ணப்பட்டது. 2024இல் இந்த மூன்றையும் எடுத்துவிட்டு 10 காரணிகளாகக் குறைத்தார்கள். மாத வருமான வரம்பும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. ‘வண்டி இருக்கிறது’ என்று முன்பு தள்ளப்பட்டவர்கள் இப்போது மறுபடியும் கேட்கலாம்.

மனை என்ற சொல்லுக்குள் பல சொற்கள்

அடுத்தது நிலம். ‘சொந்த மனை இல்லை’ என்று எழுதிவிட்டால் வீடு அங்கேயே நின்றுவிடும். நத்தம் என்பது குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம். புறம்போக்கு என்பது பொதுப் பயனுக்காக அரசின் பெயரில் உள்ள நிலம். அதிலும் ஆட்சேபணையுள்ளது, ஆட்சேபணையற்றது என்று இரண்டு வகை. நீர்நிலை, சாலை போன்றவை முதல் வகை. அங்கே பட்டா கிடைக்காது. இரண்டாம் வகையில் நெடுநாளாகக் குடியிருப்பவர்கள் பட்டா கேட்கலாம். ‘பி மெமோ’ என்பது ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை தரும் அறிவிப்பு. பலர் அதைப் பட்டா என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அது பட்டா ஆகாது. ஆனால் எத்தனை ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறோம் என்பதைக் காட்ட அந்தக் காகிதம் உதவும். தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

மலையில் இன்னொரு சொல்லும் உண்டு, ‘வன உரிமை’. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தோ உழுதோ வரும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது. குடியிருப்பும் அந்த உரிமைக்குள் அடங்கும். இதற்கான கோரிக்கையை முதலில் பெற்றுப் பரிசீலிக்க வேண்டியது கிராம சபை. ‘காட்டு நிலம், ஒன்றும் செய்ய முடியாது’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், அதையே எழுத்தில் கேட்டு வாங்குவோம்.

கட்டும்போது வரும் சொற்கள்

பணி ஆணை கையில் வந்தபிறகு ஒவ்வொரு நிலையிலும் ஆய்வு நடக்கும். பேஸ்மெண்ட், லிண்டல், கூரை, பணி நிறைவு என்று நிலைகளைப் பிரிப்பார்கள். தரைமட்டத்துக்கு மேல் வீட்டுத் தளம் வரை உயர்த்திக் கட்டும் பகுதி பேஸ்மெண்ட். கதவு, சன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கப் போடும் கான்கிரீட் உத்தரம் லிண்டல். ஒவ்வொரு நிலையும் முடிந்தபின் பணி மேற்பார்வையாளர், நாம் ஓவர்சியர் என்கிறோமே அவர், வந்து அளந்து ‘எம்.புக்’கில் எழுதுவார். எம்.புக் என்பது அளவுப் புத்தகம். அதில் ஏறாத வேலை அரசுக் கணக்கில் நடக்காத வேலை. ஓவர்சியர் எழுதியதைப் பொறியாளர் சரிபார்ப்பதற்குச் ‘செக் மெஷர்மெண்ட்’ என்று பெயர். அதன்பிறகுதான் பட்டியல் தயாராகி வங்கிக் கணக்கில் தவணை விழும்.

‘ஜியோ டேக்’ என்பது படத்தோடு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாவது. வேறு வீட்டைக் காட்டிப் பணம் எடுப்பதைத் தடுக்க வந்த முறை, நல்ல முறைதான். ஆனால் சிக்னல் இல்லாத குக்கிராமத்தில் எடுத்த படம் பதிவேற்றப்படும்வரை கைப்பேசிக்குள்ளேயே கிடக்கும். தவணையும் அதோடு கிடக்கும். படம் எடுத்த தேதியையும் ஏற்றிய தேதியையும் நாம் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. அளவு எழுதுவதற்கோ படம் ஏற்றுவதற்கோ யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. மத்திய அரசுத் திட்டத்தில் ஒப்பந்ததாரரை நுழைக்கவும் கூடாது. வீட்டுக்காரரே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி.

பணத்தைப் பற்றிய ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்வோம். மத்திய அரசுத் திட்டத்தின் ‘அலகுத் தொகை’ சமவெளிக்கு 1,20,000 ரூபாய். மலை மாநிலங்களுக்கும் ‘கடினப் பகுதி’களுக்கும் 1,30,000 ரூபாய். கான்கிரீட் கூரைக்கெனத் தமிழக அரசு தன் பங்கைத் தனியாகச் சேர்க்கிறது. நம் ஊர் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதைக் கிராம சபையில் கேட்பது தவறல்ல. 70 வளைவு ஏறி வரும் மூட்டைக்கு லாரி வாடகை யார் கணக்கில் என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

சரிவில் கட்டும்போது ‘வெட்டும் நிரப்பும்’ என்று ஒரு சொல் வரும். மேட்டுப் பக்கத்தை வெட்டிப் பள்ளத்துப் பக்கம் கொட்டிச் சமமாக்குவார்கள். கொட்டிய மண் மழையில் அமுங்கும். அஸ்திவாரம் அந்த மண்ணில் நின்றால் வீட்டின் ஒரு பாதி மட்டும் இறங்கும். இதைத்தான் பொறியாளர்கள் ‘செட்டில்மெண்ட்’ என்கிறார்கள். பள்ளத்துப் பக்க அஸ்திவாரமும் கெட்டித் தரையைத் தொட்டிருக்கிறதா என்று பேஸ்மெண்ட் ஆய்வின்போதே கேட்க வேண்டும். மண்ணைத் தடுக்கும் தாங்கு சுவரும், அதில் நீர் வெளியேறத் துளைகளும் மலைவீட்டுக்கு ஆடம்பரம் அல்ல.

கூரை நிலையில் கேட்க வேண்டிய சொற்கள் மூன்று. முதலாவது ‘கவர்’. கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அது. சாதாரணச் சூழலில் கூரைத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை. கம்பிக்கடியில் கவர் கட்டைகள் வைக்காமல் பலகை மேலேயே கம்பியைப் போட்டுக் கான்கிரீட் கொட்டினால் அந்த இடைவெளி இருக்காது. இரண்டாவது ‘கியூரிங்’, அதாவது நீராற்றுதல். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். மூன்றாவது ‘சென்டரிங் பிரித்தல்’. நான்கரை மீட்டருக்கு மேற்படாத தளத்துக்கு முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. வாடகைப் பலகையைத் திருப்பித் தரும் அவசரத்தில் இந்த நாள்கள் குறைந்துவிடுகின்றன.

பரப்பளவிலும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘பிளிந்த் ஏரியா’ என்றால் சுவர்களையும் சேர்த்த பரப்பு. ‘கார்பெட் ஏரியா’ என்றால் சுவர்களை விட்டுவிட்டு உள்ளே புழங்கும் பரப்பு. வெளி அளவு 20 அடிக்கு 18 அடி என்றால் 360 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர் எழுப்பினால் உள்ளே 18½ அடிக்கு 16½ அடி, அதாவது சுமார் 305 சதுர அடிதான் மிஞ்சும். நடுச்சுவர் வைத்தால் இன்னும் குறையும். 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் வீடு 360 சதுர அடி. மத்தியத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. எழுதப்பட்ட அளவு இவற்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளி மாணவர் ஒருவர் டேப்பைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை இது.

பழைய வீட்டின் விரிசல்கள்

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியபோது தலித்துகள், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. மற்ற ஏழைகளுக்கு விரிந்தது 1993க்குப் பிறகு. அந்தக் காலத்துத் தொகுப்பு வீடுகளில் இன்றும் நம் மக்கள் குடியிருக்கிறார்கள். கூரைக் காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தொங்கும் கட்டடங்கள் அவை. 2000-01க்கு முன் கட்டிய அரசு வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டமும் அடுத்த ஆண்டு வந்தது. எந்த வீடு எந்தத் திட்டத்துக்குள் போகும் என்பதை ஆய்வாளர் எழுதும் ‘சிறு பழுது’, ‘பெரும் பழுது’, ‘பழுதுபார்க்கத் தகுதியற்றது’ என்ற சொற்கள்தான் முடிவு செய்கின்றன.

விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் தலைமுடி போல ஓடுவது பூச்சு விரிசல், பயமில்லை. கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்குவதால் வருவது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படி போல இறங்கும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டலாம். இதைக் ‘கட்டமைப்பு விரிசல்’ என்பார்கள். விரிசலின் இரு ஓரத்திலும் தேதி எழுதிக் கோடு போட்டு வைத்தால், அது வளர்கிறதா நிற்கிறதா என்று ஆய்வாளருக்கே காட்டலாம்.

கூரையிலிருந்து கான்கிரீட் செதில் செதிலாக விழுவதற்கு ‘ஸ்பாலிங்’ என்று பெயர். கவர் போதாததால் ஈரமும் காற்றும் கம்பியைத் தொடுகின்றன. கம்பி துருப்பிடித்துப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. இதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் அடுத்த மழைக்காலத்தில் திரும்பவும் விழும். தளர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துத்தான் காரை வைக்க வேண்டும். தூங்கும் குழந்தையின் தலைக்கு மேல் கம்பி தெரியும் வீட்டுக்குச் ‘சிறு பழுது’ என்று எழுதினால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இந்தச் சொற்கள் நமக்கு எதற்கு?

சொல்லில் என்ன இருக்கிறது, வீடு கிடைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஒரு சொல் எவ்வளவு சுமக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ‘காலனி’ என்ற சொல் வசையாகவும் தீண்டாமையின் குறியாகவும் மாறிவிட்டது என்று சொல்லி, அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். வீட்டுத் திட்ட விதிகளில் ‘எரியாத கூரை’ என்று ஒரு சொல் வருகிறது. மற்றவர்களுக்கு அது கட்டுமானச் சொல். 1968இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலானதை அறிந்த நமக்கு அது வேறு சொல்.

அதே நேரம், ‘கச்சா’ என்ற பெயர் சூட்டிவிட்டதாலேயே நம் பாட்டன் கட்டிய மண்வீடு மட்டமாகிவிடாது. எளியோரின் வீட்டைச் சங்கப் புலவர்கள் குரம்பை என்றார்கள். அதில் இழிவு இல்லை. கொல்லிமலையின் குளிருக்குக் கனமான மண்சுவர் கதகதப்பைத் தரும். மண்ணில் சிறிது சிமெண்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் கற்களால் இன்று உறுதியான வீடுகள் கட்டுகிறார்கள். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் குழு 1991இல் ‘போதிய வீடு’ என்பதற்கு ஏழு கூறுகளை வகுத்தது. குடியிருப்பு உரிமைப் பாதுகாப்பு, குடிநீர் முதலிய வசதிகள், கட்டுப்படியாகும் செலவு, வாழத்தக்க நிலை, எல்லோருக்கும் எட்டுவது, இருப்பிடம், பண்பாட்டுப் பொருத்தம் என்பன அவை. சுவரும் கூரையும் மட்டும் பார்க்கும் நம் படிவங்களில் இவற்றில் பாதிக்குக் கட்டமே இல்லை. தலித்துகளுக்கு வீட்டுமனை தர நிலம் எடுத்தது செல்லுமா என்ற சமேலி சிங் வழக்கில், தங்குமிடம் என்பது வெறும் தலைக்கு மேல் கூரை அல்ல. ஒளி, காற்று, நீர், மின்சாரம், சுகாதாரம், சாலை எல்லாம் சேர்ந்தது என்று நம் உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரிலேயே விளக்கிவிட்டது. சாலை இல்லாத மலைக் குக்கிராமத்தில் கட்டி முடித்த வீட்டுக்குப் ‘பணி நிறைவு’ என்று எழுதும்போது இந்தத் தீர்ப்பை நினைவூட்ட வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. ஆய்வுப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். எழுதியதை வீட்டுக்காரருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வாசித்துக் காட்டிவிட்டே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஒரு நகல் கையில் தர வேண்டும். தகுதியில்லை என்றால் எந்த விதிப்படி என்று எழுதித் தர வேண்டும். பட்டியலைக் கிராம சபையில் பெயர் பெயராக வாசிக்க வேண்டும்.

இவை தானாக நடக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணத்தின் நகல் கேட்பதோடு, நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், கட்டுமானப் பொருளின் மாதிரியைக் கேட்டு வாங்கவும் குடிமக்களுக்கு உரிமை இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் வீட்டின் எம்.புக் பக்கத்தை நகல் கேளுங்கள். ஆய்வு செய்யும் உரிமை அலுவலருக்கு மட்டும் சொந்தமானதல்ல.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கிராம சபை கூடும் அடுத்த நாளுக்கு முன் உங்கள் தெருவில் பத்து வீடுகளைப் பாருங்கள். சுவர், கூரை, தரை, விரிசல், மனையின் வகை, கட்டிய ஆண்டு, கடைசியாக ஆய்வு நடந்த தேதி என்று ஏழு பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டைக் கிராம சபையில் தீர்மானத்தோடு வையுங்கள். அலுவலரின் பதிவேடும் நம் பிள்ளைகளின் நோட்டும் ஒன்றுபோல இருந்தால் மகிழ்ச்சி. மாறுபட்டால், எந்த வரியில், எந்தச் சொல்லில் மாறுபடுகிறது என்று விரல் வைத்துக் கேட்போம்.